களிம்பு தேடும் முன் சீனியைப் பாருங்கள்: ஆறாத புண்ணும் உடம்பின் பெரட்டுக்களமும்

போன வருடம் மழை பிடித்த நேரம் அம்மாவின் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புண் வந்தது. கடித்த அட்டையை நகத்தால் பிடுங்கி எறிந்துவிட்டு, அரிக்கிறது என்று சொறிந்து சொறிந்து புண்ணாக்கிவிட்டார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கால், அதில் எத்தனை அட்டை கடித்திருக்கும் என்று யார் கணக்கு வைத்தார்கள்? "ஆறிரும் புள்ள, இதுக்கெல்லாம் டவுனுக்கா போவாங்க" என்று மஞ்சள் அரைத்துப் போட்டார். ஏழு வாரம் ஆறவில்லை. ஓரிடத்தில் ஒரு களிம்பு தந்தார்கள், இன்னோரிடத்தில் வேறு களிம்பு தந்தார்கள், இரண்டு இடத்திலும் ஒருவர்கூட விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் நானே பிடிவாதமாக நின்று பார்க்க வைத்தபோது வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 243. இருக்க வேண்டியது 100க்குக் கீழே.

நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறவள். ஓமோன் ஒரு அலகு, நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) இன்னொரு அலகு. இரண்டையும் வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். ஆனாலும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது அம்மாவின் விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். வைத்தியருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், வைத்தியரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்வது லேசு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். எந்த மலைக்கு எத்தனை பேர், யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு, யார் புல்லுவெட்டுக்கு என்று அங்கேதான் பிரிப்பார்கள். ஆள் எவ்வளவு இருந்தும் பெரட்டில் குழப்பம் என்றால் அன்றைய வேலை கெட்டது.

இரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெண்குழியங்களும் அப்படித்தான். புண் பட்டதும் முதலில் ஓடி வருபவை நியூத்திரோபில்கள், கிருமியை விழுங்கித் தானும் சாகிற கூட்டம். அதன் பின்னால் மக்ரோபேஜ் என்கிற பெருந்தின்னிகள் வரும். இவை முதலில் சண்டை போடும், சண்டை முடிந்ததும் குணத்தை மாற்றிக்கொண்டு குப்பையை அள்ளிப் புதுச் சதை கட்ட உதவும். டி கலங்கள் என்கிற இன்னொரு வகை வெண்குழியங்களில் சில தாக்கும், சில மற்றவற்றை ஏவும், இன்னும் சில "போதும், நிறுத்து" என்று அடக்கி வைக்கும். இந்த அடக்குகிற கூட்டம் இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பித்துவிடும்.

இதில் ஓமோனுக்கு என்ன வேலை? சண்டை போடச் செலவாகும். சும்மா இருக்கும் டி கலம் கொஞ்சத்தில் காலம் தள்ளும், கிருமியைக் கண்டு கிளம்பிவிட்டால் குளுக்கோசை அடுப்பில் விறகு போடுவதுபோல எரிக்கும். அதனால் ஆளை அனுப்புமுன் உடம்பு ஸ்டோரில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கேட்கிறது. அந்தக் கணக்கைச் சொல்பவைதான் இந்த ஓமோன்கள்.

லெப்டின் கொழுப்புக் கலங்களில் சுரக்கிறது. கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு இது இரத்தத்தில் இருக்கும், அதாவது ஸ்டோர்க்காரர் கொடுக்கிற இருப்புக் கணக்கு. 1994 இல் நியூயோர்க்கின் ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு இதைக் கண்டுபிடித்தபோது எல்லோரும் பசியை அடக்கும் ஓமோன் என்றுதான் பேசினார்கள். நாலு வருடம் கழித்து, 1998 இல், வேறொரு குழு பட்டினி போட்ட எலிகளில் டி கலங்கள் சோர்ந்து கிடப்பதையும், லெப்டின் ஊசி போட்டதும் சாப்பாடு கொடுக்காமலே அவை மறுபடி எழும்புவதையும் காட்டியது. பசியில் இருந்த எலியின் உடம்பிடம் "ஸ்டோரில் சரக்கு இருக்கிறது" என்று பொய் சொன்னார்கள், அதுவும் நம்பி ஆளை இறக்கிவிட்டது!

இன்சுலின் "சாப்பாடு வந்துவிட்டது, செலவு செய்யலாம்" என்று வரும் துண்டுச்சீட்டு. கிளம்பிய டி கலம் தன் மேற்பரப்பில் இன்சுலினைப் பிடிக்கும் வாங்கிகளை வைத்துக்கொள்கிறது, இன்சுலின் வந்து தட்டினால் இன்னும் உற்சாகமாகப் பெருகுகிறது. கோட்டிசோல் இதற்கு நேரெதிர்: நெருக்கடி, சீனியை இரத்தத்தில் இறக்கு, சண்டையைக் குறை என்று சொல்லும்.

இப்போது பருத்த வயிற்றைப் பாருங்கள். வயிற்றுக்குள் கொழுப்புக் கலங்கள் அளவுக்கு மீறி வீங்கினால் அங்கே பெருந்தின்னிகள் கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன, டிஎன்எஃப் போன்ற சண்டைச் செய்திகளை நாள் முழுக்க அனுப்புகின்றன. டிஎன்எஃப் இன்சுலினின் பேச்சைக் கெடுக்கிறது என்பது 1993 இலேயே தெரியும், அதை அனுப்புவதில் பெரும் பங்கு கொழுப்புக்குள் குந்தியிருக்கும் பெருந்தின்னிகளுக்குத்தான் என்பது 2003 இல்தான் தெளிவானது. லெப்டினோ மிதமிஞ்சிக் கிடக்கும். மூளை அதைக் காதில் வாங்குவதை நிறுத்திவிடும், ஆனால் டி கலங்கள் பக்கம் அது தாக்குகிறவற்றை ஏவிக்கொண்டும் அடக்குகிறவற்றை அமுக்கிக்கொண்டும் இருக்கும். வீக்கத்தைத் தணிக்கிற அடிப்போனெக்டின் என்ற ஓமோன் குறைந்துபோகும். இவ்வளவும் நடக்கிற அதே நேரம் இரத்தத்தில் சீனி ஏறிக் கிடப்பதால் நியூத்திரோபில்கள் புண்ணை நோக்கி நகர்வதிலும் விழுங்கிக் கொல்வதிலும் மந்தமாகிவிடுகின்றன, புண்ணுக்கு வந்த பெருந்தின்னிகளும் சண்டைக் குணத்தை விட்டுச் சதை கட்டும் குணத்துக்கு மாற மறுக்கின்றன. சும்மா சத்தம் போடுகிற இடத்தில் ஆள் கூட்டம், வேலை கிடக்கிற மலையில் ஆள் இல்லை.

அதனால்தான் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று போத்தலில் விற்கிற பவுடருக்கு நான் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன். எதிர்ப்புச் சக்தி என்பது தண்ணீர் டாங்கி இல்லை, ஊற்றி நிரப்ப. சீனி வருத்தக்காரரிடம் (நீரிழிவு உள்ளவரிடம்) அது ஒரு பக்கம் கூடிப்போயும் இன்னொரு பக்கம் குறைந்தும் இருக்கிறது. சீராக்க வேண்டியது பெரட்டை.

அளந்து பாருங்கள்

மூன்று அளவு போதும். 8 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் எடுக்கும் சீனி: மில்லிகிராம்/டெசிலீட்டர் கணக்கில் 100க்குக் கீழே நல்லது, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் சீனி வருத்தம். சாயத் தண்ணி (பால் விடாத தேத்தண்ணி) கூடக் குடிக்காமல் போக வேண்டும். நம் ஆட்கள் "வெறும் பிளேன்டிதானே" என்று சீனி போட்டுக் குடித்துவிட்டுப் போய் நிற்பார்கள். இரண்டாவது எச்பிஏ1சி, கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரிக் கணக்கு. 6.5 வீதமும் மேலும் என்றால் சீனி வருத்தம், வருத்தம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு 7க்குக் கீழே வைத்திருப்பதுதான் குறி. இதில் நம் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்து இரத்தச்சோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடக் காட்டலாம், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது தையல்காரரின் டேப். தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்தால் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 90க்கும் மேல் போகக்கூடாது. தெற்காசியர்களுக்கான அளவு இது, வெள்ளைக்கார ஆண்களுக்கு இதைவிடக் கூடுதலாக விடுகிறார்கள்.

அரச ஆஸ்பத்திரிகளோடு இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் சீனியும் பிரஷரும் காசில்லாமல் பார்க்கலாம். அரை நாள் பேர் (கூலி) போகும் என்று யோசிப்பது எனக்குத் தெரியும். புண் வந்து வார்டில் கிடந்தால் எத்தனை பேர் போகும் என்பதையும் அதோடு சேர்த்து யோசியுங்கள்.

"நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். தாயின் வயிற்றிலேயே பட்டினி கண்ட பிள்ளைக்குப் பிற்காலத்தில் சீனி ஏறும் வாய்ப்புக் கூடுதல். 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை சாப்பாட்டை மறித்து நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்தவர்களை வளர்ந்த பிறகு சோதித்து இதைக் கண்டார்கள். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் தோட்டத்து லயன் வீடுகளில் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. அதோடு இன்னொன்று, இது என் கண்ணால் பார்த்தது: மலை ஏறி இறங்கிய காலத்தில் எரிந்துபோன ரொட்டி, வேலையை விட்டு நின்ற பிறகும் அதே எண்ணிக்கையில் உள்ளே போகிறது.

சாயத் தண்ணியிலிருந்து ஆரம்பியுங்கள்

எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளில் குடித்த பிளேன்டி ஆறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலே 60 கிராம். உலக சுகாதார அமைப்பு சாதாரண ஆளுக்கே சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், முடிந்தால் 25க்குள் என்கிறது. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தோம், ஐந்தாவது வாரம் சீனி போட்ட தேத்தண்ணியை அவரே "பாணி மாதிரி இருக்கு" என்று தள்ளி வைத்தார். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அதுவும் சீனிதான்.

கோதுமை மா ரொட்டியை ஒழித்துக் கட்டச் சொல்லப் போவதில்லை, அது நடக்காத காரியம். மூன்றை இரண்டாக்குங்கள். மாவோடு துருவிய தேங்காய், கீரை, இருந்தால் கொஞ்சம் குரக்கன் மா சேர்த்துப் பிசையுங்கள். ரொட்டியை வெறும் கட்டச்சம்பலோடு தின்னாமல் பருப்பு, முட்டை, நெத்தலி ஏதாவது ஒன்றோடு தின்னுங்கள், அதுவும் முதலில் கறியைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ரொட்டிக்கு வாருங்கள். முதலில் மரக்கறியும் புரதமும், கடைசியில் மாவு என்று வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிறகு சீனி ஏறும் உயரம் குறைகிறது. கரட், லீக்ஸ், கோவா, நோக்கோல் எல்லாம் நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு லொறி லொறியாகப் போகிறது, அதை விளைவிக்கிறவன் வீட்டுச் சட்டியில் கிழங்கு மட்டும் வேகிறது என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

சாப்பிட்டதும் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் துண்டுச்சீட்டு இல்லாமலே குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும், இன்சுலின் பேச்சு எடுபடாத உடம்புக்கு இது பின்வாசல். இரவில் மழை என்றால் லயத்து வாசலில் கூரைக்குக் கீழே முன்னும் பின்னும் நடங்கள். பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார், கொஞ்ச நாளில் அவரும் சேர்ந்து நடப்பார்.

தூக்கம்

இதை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. 2002 இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இளைஞர்களை ஆறு இரவு தலா 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, அதற்கு நடுவில் ஃபுளூ தடுப்பூசி போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், சரியாகத் தூங்கியவர்களைவிட தடுப்பூசிக்கு இவர்களின் உடம்பு உண்டாக்கிய பிறபொருளெதிரி பாதிக்கும் குறைவு. தூக்கம் குறைந்தால் மாலையில் இறங்க வேண்டிய கோட்டிசோல் இறங்காமல் நிற்கும், சீனியும் ஏறும், இன்சுலினும் திக்கும். ஐப்பசி மழையில் மேட்டிலிருந்து மண் இறங்குமோ என்று விழித்துக் கிடக்கிற லயத்து ஆட்களிடம் போய் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்ற மாதங்களிலாவது போனைத் தலைமாட்டிலிருந்து தள்ளி வைக்கலாம், மாலைக்குப் பிறகு கடுஞ்சாயம் குடிப்பதை விடலாம்.

புண் வந்தால்

சீனி உள்ளவர் வீட்டில் எல்லாப் புண்ணும் பெரிய புண்தான். அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டி வைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, மூடிக் கட்டுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அம்மா தலைமுறைக்கு மஞ்சள் விஷயத்தில் கோபம் வரும், வரட்டும்.

தினமும் இரவு காலைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், கண் மங்கியவர் என்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். விரலிடுக்கில் ஈரம், குதிகால் வெடிப்பு, நிறம் மாறின இடம், கொப்புளம், இவற்றைத்தான் தேடுகிறோம். குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவக்கூடாது, அங்கே காய்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. குளிர்ப் பிரதேசக்காரர்களுக்கு இன்னொரு தனி ஆபத்து இருக்கிறது, சமவெளியில் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை: அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக் குளிர் காய்வது, சுடுதண்ணிப் போத்தலைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வது. சீனி நரம்பைக் கெடுத்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளம் போட்ட பிறகு காலையில்தான் கண்டுபிடிப்பார்கள். கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், நாற்றம் அடித்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் அல்லது நடுக்கம் வந்தால், விரல் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலி இல்லையே என்று காத்திருப்பது பெரிய பிழை, நரம்பு செத்த காலில் வலி இல்லாததுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. வண்டி கிடைக்காவிட்டால் 1990 என்ற போன் எண்ணுக்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. போன இடத்தில் களிம்பை மட்டும் நீட்டினால் "சீனி பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழும்ப வேண்டும். அம்மாவின் புண் மூடியது புதுக் களிம்பால் இல்லை. மருந்து ஆரம்பித்து, புண்ணைச் சுத்தம் செய்து கட்டி, வெறும் வயிற்றுச் சீனி 130க்குப் பக்கத்தில் இறங்கி நின்ற பிறகு ஐந்து வாரத்தில் மூடியது. மந்தமாகிப்போன நியூத்திரோபில்களின் குறையில் பெரும் பகுதி சீனி இறங்கினால் சரியாகக்கூடியது.

வாயையும் மறந்துவிடாதீர்கள். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு ஈறு பழுத்து இரத்தம் கசிகிறவர்கள் பலர். அதுவும் ஆறாத புண்தான், நாள் முழுக்க சண்டைச் செய்தி அனுப்புகிற இன்னொரு இடம். ஈறுக்கு வைத்தியம் செய்தால் எச்பிஏ1சியே கொஞ்சம் இறங்குகிறது. அப்புறம் இருமல்: சீனி உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் பனிக்காலம், தேயிலைத் தூசு என்று காரணம் சொல்லாமல் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளி கொடுங்கள். பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம்.

காய்ச்சல் நாள்

காய்ச்சல் வந்தால் கோட்டிசோலும் அட்ரினலினும் ஏறும், ஈரல் சீனியை வெளியே தள்ளும். ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும். "சாப்பிடவே இல்லை, எதுக்கு ஊசி" என்று இன்சுலினை விடுவதுதான் பலரை ஐசியூவுக்குக் கொண்டு போகிறது. இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரை வேறு கதை. வாந்தியும் வயிற்றோட்டமுமாக உடம்பு வற்றிக் கிடக்கும்போது மெட்போமின் போன்ற சிலவற்றைச் சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். இதை அடுத்த கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள், காய்ச்சல் வந்த ராத்திரியில் கேட்க ஆள் இருக்காது.

இன்சுலின் என்றதும் "கடைசிக் கட்டம் வந்திருச்சு" என்று அழுகிறார்கள். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டது லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையன், சாகக் கிடந்தவன், ஊசியால் எழுந்து உட்கார்ந்தான். பாவிக்கிற குப்பி 25 பாகைக்குக் கீழே சாதாரண அறையில் நாலு வாரம் தாங்கும், நம் குளிருக்கு அது பெரிய பாடில்லை. ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் சின்ன டப்பாவில் வைத்தால் இன்னும் நல்லது. அடுப்படிப் பரணில் வைக்காதீர்கள். திறக்காத குப்பிக்கு ஃபிரிஜ் வேண்டும், கடைக்காரரிடம் சொல்லி வைக்கலாம், ஆனால் உறையும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

ஸ்டீரொய்ட்

கோட்டிசோலின் தம்பிகள்தான் பிரட்னிசலோன், டெக்சாமெதசோன் என்கிற ஸ்டீரொய்ட் மருந்துகள். 1948 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் மூட்டு வீங்கி முடங்கிய ஒரு பெண்ணுக்கு இந்தக் குடும்பத்து மருந்தைக் கொடுத்து நடக்க வைத்தார், 1950 இல் நோபல் வாங்கினார். 2020 இல் கொரோனா வந்து வென்டிலேட்டரில் கிடந்தவர்களின் மரணத்தை டெக்சாமெதசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. வெண்குழியங்களின் அளவு மீறிய சண்டையை அடக்குவதால்தான் அந்தப் பலன், அதே காரணத்தால்தான் ஆபத்தும். மூச்சு இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) இந்த மாத்திரை தந்தால் சீனி ஏறும், முக்கியமாக மதியத்துக்குப் பிறகு, அதனால் காலையில் மட்டும் பார்த்து நல்லது என்று நினைத்துவிடுவோம். தேவைப்பட்டால் எடுக்கத்தான் வேண்டும், எடுக்கும் நாளில் சீனியை மாலையிலும் பாருங்கள். வாரக்கணக்கில் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தக்கூடாது, உடம்பு தன் சொந்தக் கோட்டிசோலைச் சுரக்க மறந்திருக்கும். கடதாசியில் மடித்துத் தருகிற பெயர் தெரியாத மாத்திரை இரண்டு நாளில் மூட்டுவலியைப் பறக்க வைத்தால் சந்தோஷப்படாமல் பெயரைக் கேளுங்கள்.

எலும்பும் தோலுமான பிள்ளைக்கு

இவ்வளவும் சரக்குக் கூடின கதை. சரக்கு இல்லாத கதையும் அதே லயத்தில்தான் நடக்கிறது. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர், நாடு முழுவதற்கும் அது 17 வீதம். கொழுப்பே இல்லாத பிள்ளையில் லெப்டின் குறைகிறது, டி கலங்கள் பயிற்சி எடுக்கிற தைமசு சுரப்பி சுருங்குகிறது, பெரட்டுக்கு ஆளே வருவதில்லை. பிறப்பிலேயே லெப்டின் இல்லாத அபூர்வப் பிள்ளைகளிலும் இதைப் பார்த்தார்கள். லெப்டின் இல்லாததால் பசி அடங்காமல் உடம்பு பருத்துக்கொண்டே போகும், அடிக்கடி தொற்று வரும், லெப்டின் ஊசி போட்டதும் டி கலங்கள் பெருகித் தேறின. நம் பிள்ளைக்கு லெப்டின் ஊசி வேண்டாம், சோறு வேண்டும். மாதா மாதம் எடை பார்த்து அட்டையில் கோடு கீழே வளைகிறதா என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவை அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள், வீடு முழுக்க உருண்டை பிடித்துப் பங்கு போடாதீர்கள். தினம் ஒரு முட்டை முடியாவிட்டால் இரண்டு நாளைக்கு ஒன்று, பருப்பில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய்.

கிளினிக் நாளைக்கு: கொப்பி, எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில், வெளியில் வாங்கிய மருந்தும் நாட்டு மருந்தும் உட்பட. வீட்டில் எடுத்த சீனி அளவுகளை நேரத்தோடு எழுதிய துண்டு. வழக்கமாகப் போடுகிற செருப்பையே போட்டுப் போங்கள், நல்ல சப்பாத்து வேண்டாம். வரிசை நீளம், டொக்டருக்கு நேரம் இருக்காது, அதனால் உள்ளே போகும்போதே காலுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்காவிட்டாலும் காலை நீட்டிக் காட்டுங்கள்.